விடிகாலைக் கடலும் அந்திக் கடலும்: வெயில், மிதவைப் பாசி, நீரின் தெளிவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, நடுக்கடலில், விடியும் நேரத்தில் ஒரு குடுவை நீர் எடுங்கள். அதே இடத்தில், அதே ஆழத்தில், பொழுது சாயும்போது இன்னொரு குடுவை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒளியை அளக்கும் கருவியில் வைத்தால் மாலை நீர் காலை நீரைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும். மறுநாள் விடியும்போது பழைய தெளிவு திரும்பியிருக்கும். மழை இல்லை, சேறு இல்லை, நீரோட்டம் மாறவில்லை. ஆனாலும் இது நாள்தோறும் நடக்கிறது.

கடல் அறிவியல் மாணவர்கள், இறால் குளம் வைத்திருப்பவர்கள், செயற்கைக்கோள் படத்தில் கடலின் நிறத்தைப் பார்த்துவிட்டு விளக்கம் தேடியவர்கள் என்று பலரும் இதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

மிதவைப் பாசி என்றால் ராமநாதபுரம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கிறார்களே, அந்தக் கடற்பாசியா?

இல்லை. அது பாறையில் பற்றி வளர்வது, கையால் பறிக்கலாம். இங்கே பேசுவது நீரோடு நீராக மிதக்கும் ஒற்றைச் செல் உயிர்களைப் பற்றி. பாடப்புத்தகத்தில் தாவர மிதவை உயிரிகள் என்று இருக்கும். ஆய்வகத்தில் பைட்டோபிளாங்டன் என்பார்கள். இறால் பண்ணையில் வெறும் பிளாங்டன். நான் மிதவைப் பாசி என்றே எழுதுகிறேன்.

இவற்றில் மிகச் சிறியது புரோகுளோரோகாக்கஸ். குறுக்களவு 0.6 மைக்ரான் அளவுதான். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வரிசையாக நிற்கும். வெப்பமண்டலக் கடலில் ஒரு மில்லிலிட்டர் நீரில் லட்சம் செல்கள்கூட இருக்கும். இத்தனை இருந்தும், சாலி சிஸ்ஹோம் குழுவினர் 1988இல் உலகுக்கு அறிவிக்கும்வரை இப்படி ஓர் உயிர் இருப்பது யாருக்கும் தெரியாது. பெரிய வகைகளில் கண்ணாடிக் கூடு கட்டும் டயாட்டம்கள், சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் டைனோபிளாஜெல்லேட்டுகள் எல்லாம் உண்டு. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இந்தக் கூட்டத்தின் வேலை.

பகலில் நீர் ஏன் மங்குகிறது? பாசிகள் பெருகிவிடுவதாலா?

பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பகலில் நடப்பது முக்கியமாக எண்ணிக்கைப் பெருக்கம் அல்ல. ஒவ்வொரு செல்லும் கொழுக்கிறது.

விடிந்ததும் ஒளிச்சேர்க்கை தொடங்குகிறது. செல் கரியமில வாயுவிலிருந்து மாவுப்பொருளும் கொழுப்பும் கட்டிச் சேர்க்கிறது. நேரம் ஏற ஏற அதன் உருவம் பருக்கிறது, உள்ளடக்கமும் செறிவாகிறது. செறிவானால் அதன் ஒளிவிலகல் எண் நீரின் எண்ணைவிட இன்னும் விலகிப் போகும். ஒளியைச் சிதறடிக்கும் திறனைக் கூட்டுபவை இந்த இரண்டும்தான்: பருமன், செறிவு. அதே லட்சம் செல்கள் காலையில் சிதறடித்ததைவிட மாலையில் அதிகம் சிதறடிக்கின்றன.

அந்தி நேரத்தில் கதை திரும்புகிறது. புரோகுளோரோகாக்கஸ் பிற்பகலில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொண்டு, பொழுது சாய்ந்து முன்னிரவுக்குள் இரண்டாகப் பிரிகிறது. கூட்டம் மொத்தமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இதைச் செய்யும். ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவில் இருக்கும் இப்படிப்பட்ட பொடிச் செல்களில், ஒரு முழுச் செல் சிதறடிக்கும் அளவுக்கு அதன் இரண்டு பாதிகள் சேர்ந்தும் சிதறடிப்பதில்லை. எனவே நிறை துளியும் குறையாமலே, பிரிந்த மாத்திரத்தில் நீர் சற்றுத் தெளிகிறது. அப்புறம் இருட்டில் ஒளிச்சேர்க்கை கிடையாது, சுவாசம் மட்டும்தான். பகலில் சேர்த்த சேமிப்பு கரைகிறது. செல் மெலிகிறது.

மூன்றாவதாக, தின்பவர்கள். பிரிந்து இரட்டிப்பான செல்கள் அப்படியே தங்கினால் சில வாரங்களில் கடல் கஞ்சியாகிவிடும். பசிபிக்கின் துணை வெப்பமண்டலச் சுழல் பகுதியில் கப்பலில் ஓடிக்கொண்டே செல்களை எண்ணிய ஒரு குழு 2015இல் காட்டியது இது: புரோகுளோரோகாக்கஸ் பிறப்பு மட்டுமல்ல, சாவும் நாளின் ஒளியோடு தாளம் தப்பாமல் இரவில் உச்சம் தொடுகிறது. எவ்வளவு கூடியதோ கிட்டத்தட்ட அவ்வளவும் விடிவதற்குள் போய்விடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு விடியலிலும் கடல் ஏறக்குறைய முந்தைய நாள் தொடங்கிய இடத்துக்கே வருகிறது.

நான் முதன்முதலில் இதைப் படித்தபோது மலைத்துப்போனது இந்த இடத்தில்தான். அமைதியாகத் தெரியும் நீலக் கடலில் பாதி மக்கள்தொகை ஒவ்வொரு நாளும் பிறந்து, அதே அளவு மடிகிறது.

இவ்வளவு சின்ன மாற்றத்தை எப்படி அளக்கிறார்கள்?

டிரான்ஸ்மிஸோமீட்டர் என்ற கருவியால். ஒரு முனையில் சிவப்பு விளக்கு, 660 நானோமீட்டர் அலைநீளம். எதிர்முனையில் ஒளியுணரி. நடுவில் 25 சென்டிமீட்டர் நீர். அனுப்பிய ஒளியில் எவ்வளவு நேராக வந்து சேர்ந்தது என்பதுதான் கணக்கு. வராத ஒளி உறிஞ்சப்பட்டிருக்கும் அல்லது பக்கத்தில் சிதறியிருக்கும். இரண்டையும் சேர்த்து ஒளித்தேய்வு என்கிறோம். சிவப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நீரில் கரைந்திருக்கும் மஞ்சள் நிறக் கரிமப் பொருள்கள் இந்த நிறத்தை ஏறத்தாழத் தொடுவதில்லை. தூய நீரின் பங்கு மாறாதது, அதைக் கழித்துவிடலாம். மிச்சம் மிதக்கும் துகள்களின் பங்கு.

தெளிந்த நடுக்கடல் நீரில் அந்த 25 சென்டிமீட்டரைச் சுமார் 90 விழுக்காடு ஒளி கடந்து வந்துவிடும். வராமல் போன 10 விழுக்காட்டிலும் பெரும்பகுதி நீரே உறிஞ்சியது. துகள்களின் பங்கு கொஞ்சம். அந்தக் கொஞ்சம் ஒரு நாளில் ஏறி இறங்குவது பத்து, இருபது விழுக்காடு அளவில். ஆக, கருவி காட்டும் எண்ணில் நாம் தேடும் மாற்றம் ஒரு விழுக்காட்டின் சிறு பகுதிதான்.

இதனால் கருவியின் கண்ணாடியைத் துடைப்பது ஒரு சடங்கு மாதிரி. நன்னீரால் அலசி, லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாளால் ஒரே திசையில் துடைத்து, காற்றில் ஒரு முறை அளந்து பார்த்து, பழைய அளவோடு ஒப்பிட்ட பிறகே இறக்குவோம். ஒருமுறை எங்கள் அளவுகளில் பகல் முழுக்க ஒரே சீராக மங்கல் கூடியிருந்தது. உயிர்ப்பான நாள் என்று மகிழ்ந்தோம். மேலே எடுத்துப் பார்த்தால் ஒளியுணரியின் கண்ணாடியில் யாரோ ஒருவரின் கைரேகை, அதன் பிசுக்கில் ஒட்டிச் சேர்ந்திருந்த அழுக்கு. அந்த நாளின் தரவு முழுவதையும் விட்டுவிட்டோம்.

இந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தை இயற்பியல் அல்ல, உயிர்களே நடத்துகின்றன என்பதற்கான சான்றை டேவிட் சீகல் குழுவினர் 1989இல் வெளியிட்டார்கள். 1993இல் ஸ்ட்ராம்ஸ்கியும் ரெனால்ட்ஸும் ஒரு டயாட்டம் வகையை ஆய்வகத்தில் பகல்–இரவு விளக்கில் வளர்த்து, செல்லின் பருமனும் ஒளிவிலகல் எண்ணும் நாளோடு மாறுவதை நேரடியாகக் காட்டினார்கள்.

சூரியன் நகர்வதால்தான் நீர் வேறு மாதிரித் தெரிகிறது என்று சொல்லலாமே?

நல்ல கேள்வி. இதைப் பிரித்துப் பார்க்காமல் மேலே போகவே முடியாது.

நீருக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்த பண்புகள் ஒரு வகை: எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு சிதறடிக்கும். இவற்றை உள்ளார்ந்த ஒளியியல் பண்புகள் என்கிறோம். நள்ளிரவில் அளந்தாலும் இவை இருக்கும், ஏனென்றால் கருவி தன் விளக்கைத் தானே கொண்டுபோகிறது. இன்னொரு வகை, வெளியிலிருந்து வரும் ஒளியையும் பொறுத்தவை. தோற்ற ஒளியியல் பண்புகள். ஆழம் போகப்போக வெயில் எந்த வேகத்தில் குறைகிறது என்பது இந்த வகை. சூரியன் சாய்ந்திருந்தால் கதிர் நீருக்குள் சாய்வாக இறங்கி நீண்ட வழி போகிறது, சீக்கிரமே தேய்கிறது. நீரில் எதுவும் மாறாமலே காலையும் மாலையும் இந்த எண் கூடிக் காட்டும். 1961இல் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்தவர் ருடால்ஃப் பிரைசென்டார்ஃபர்.

மேலே சொன்ன விடியல்–அந்தி மாற்றம் உள்ளார்ந்த வகை. சூரியக் கோணம் அதற்குப் பொறுப்பு அல்ல.

கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்புதானே? பாசிக்கு அதில் என்ன பங்கு?

வானத்தின் பிரதிபலிப்பு என்ற கருத்தை உடைத்தவர் திருச்சியில் பிறந்த நம் சி.வி. ராமன். 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் அடர் நீலம் அவரை உறுத்தியது. கையில் இருந்த நிக்கோல் பட்டகத்தைச் சரியான கோணத்தில் பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வான ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அந்த ஆண்டே எழுதினார். இதோடு நீர் சிவப்பை விரைவில் உறிஞ்சிவிடுவதையும் சேர்த்துக்கொண்டால் நீலத்தின் காரணம் முழுமையாகும்.

மிதவைப் பாசி அந்த நீலத்தின்மேல் வேலை செய்கிறது. பச்சையம், அதாவது குளோரோபில், நீலத்தை உறிஞ்சும், பச்சையை விட்டுவிடும். பாசி கூடக்கூட நீலம் பச்சையை நோக்கி நகரும். கடலின் நிறத்தைப் பார்த்துப் பாசியின் அளவைக் கணிக்கும் செயற்கைக்கோள் வித்தை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

நண்பகலில் அளந்தால் குளோரோபில் குறைவாகக் காட்டுகிறது. வெயிலில் பாசி செத்துவிடுகிறதா?

இல்லை, பயப்பட வேண்டாம். நீங்கள் அளந்தது குளோரோபில் அல்ல, அதன் ஒளிர்வு. ஃபுளோரோமீட்டர் நீல ஒளியைப் பாய்ச்சி, செல் திருப்பி உமிழும் சிவப்பை அளக்கிறது. உச்சி வெயிலில் செல்லுக்குத் தேவைக்கு மேல் ஒளி கிடைக்கிறது. அது தன்னைக் காத்துக்கொள்ள உபரி ஆற்றலை வெப்பமாக விட்டுவிடுகிறது. டயாட்டம்களில் இதற்கென்றே ஒரு நிறமி சில நிமிடங்களில் உருமாறும்: டயாடினோசாந்தின் டயாட்டோசாந்தின் ஆகும், வெயில் தணிந்தால் மறுபடி பழைய வடிவம். வெப்பமாகப் போன ஆற்றல் ஒளிர்வாக வராது. அதனால் மேல்மட்டத்தில் நண்பகல் அளவு, இரவு அளவின் பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும்; குளோரோபில் அப்படியே இருக்கும்.

முதல் ஆண்டு மாணவர்கள் பலர் இந்தப் பள்ளத்தில் விழுந்து, நண்பகலில் பாசி ஆழத்துக்கு இறங்குகிறது என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். இரவில் ஒருமுறை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, அசிட்டோனில் நிறமியைப் பிரித்து அளவெடுங்கள். இதற்கு மாற்று இல்லை.

பாசிக்கு நேரம் தெரியுமா, அல்லது வெயிலைப் பார்த்து நடக்கிறதா?

சிலவற்றுக்கு உண்மையிலேயே கடிகாரம் இருக்கிறது. சினெகோகாக்கஸ் என்ற நீலப்பச்சைப் பாசி இனத்தின் நன்னீர் வகை ஒன்றில் கை-ஏ, கை-பி, கை-சி என்று மூன்று மரபணுக்கள் 24 மணி நேரத் தாளத்தை நடத்துகின்றன என்று 1998இல் ஜப்பானிய, அமெரிக்க அறிவியலாளர்கள் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். 2005இல் நகோயாவில் அதைவிட வியப்பானது நடந்தது. அந்த மூன்று மரபணுக்களின் புரதங்களை மட்டும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யோடு சோதனைக் குழாயில் கலந்தார்கள். செல் இல்லாமலே கடிகாரம் ஓடியது.

புரோகுளோரோகாக்கஸில் கை-ஏ மரபணு இல்லை. அது மணற்கடிகாரம் மாதிரி. ஒவ்வொரு விடியலும் திருப்பி வைத்தால்தான் ஓடும். நிற்காத வெளிச்சத்தில் வளர்த்தால் தாளம் சீக்கிரமே கலைந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் நாள் தவறாமல் ஒரே நேரத்தில் விடிவதால் அதற்கு அது போதும் போலிருக்கிறது.

இரவில் என்ன நடக்கிறது? எல்லாம் உறங்கிவிடுமா?

மாறாக, இரவில்தான் கூட்டம். கோபிபாடு, கிரில் போன்ற விலங்கு மிதவைகள் பகலில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்து இருட்டில் ஒளிந்திருந்து, பொழுது சாய்ந்ததும் மேலே வந்து மேய்கின்றன. வெளிச்சத்தில் மேலே இருந்தால் மீனின் கண்ணில் படும். இரண்டாம் உலகப் போரின்போது சோனார் கருவிகளில் போலி அடித்தளம் ஒன்று தெரிந்து, அது இரவில் மேலேறி வந்ததைக் கண்டு கடற்படையினர் குழம்பினார்கள். அது இந்த விலங்குகளும் அவற்றைத் தொடரும் சிறு மீன்களும்தான். எடைக் கணக்கில் உலகின் மிகப் பெரிய இடப்பெயர்ச்சி இது. தினமும் இரண்டு முறை. துருவத்தின் நீண்ட இரவில், சூரியனே இல்லாத மாதங்களில், இவை நிலவொளிக்கு ஏற்ப ஏறி இறங்குகின்றன.

செயற்கைக்கோள் படம் எந்த நேரத்தைக் காட்டுகிறது?

பெரும்பாலும் நண்பகலை ஒட்டிய ஒரு நொடியை. நாசாவின் அக்வா செயற்கைக்கோள் உள்ளூர் நேரம் பிற்பகல் 1.30 மணி அளவில் கடந்து போகும்படி வைக்கப்பட்டது. 2022 நவம்பர் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நம் ஓஷன்சாட்-3 நண்பகலை ஒட்டியது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்குத் தமிழிலும் தரும் மீன்வள வாய்ப்புப் பகுதி அறிவிப்புகளுக்குக் கடல் நிறமும் நீர் வெப்பமும்தான் அடிப்படை. மீன் எங்கே கூடும் என்று தேட ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். ஆனால் பாசி ஒரு நாளில் எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால் ஒற்றைப் படம் பதில் சொல்லாது. இரண்டு ஆண்டுகளின் படங்களை ஒப்பிடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தேதியை அல்ல, கடந்து போன மணியை.

2010இல் தென்கொரியா இதற்கு ஒரு வழி செய்தது. கோசி என்ற கருவியைப் புவிநிலைச் சுற்றுப்பாதையில், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தியது. கொரியக் கடற்பகுதியை மணிக்கு ஒன்றாகப் பகலில் 8 படங்கள். ஓதத்தோடு சேறு நகர்வதையும் பாசிப் பெருக்கம் இடம் மாறுவதையும் ஒரே நாளுக்குள் பார்க்க முடிந்தது. இந்தியப் பெருங்கடலின் மேல் அப்படி ஒரு கண் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இதே தாளம் தெரியுமா?

தெரியும், ஆனால் பிரித்தெடுப்பது கடினம். கரையோரம் ஓதம், காற்று, அடிமண் கிளறல் எல்லாம் நீரின் தெளிவை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மாலைக் காற்றில் கிளம்பும் சேறு, பாசியின் ஒரு நாள் உழைப்பை மூடிவிடும். நடுக்கடலைத் தேடிப் போவது இதனால்தான்.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்ற டைனோபிளாஜெல்லேட் பெருகி நீர் பச்சையானபோது மீன்கள் செத்து ஒதுங்கின. அதற்கு முந்தைய மாதம் சென்னைக் கடற்கரைகளில் இரவில் அலை நீலமாக மின்னியதும் நாக்டிலூக்காதான். அந்த ஒளியை ரசிக்கத் திரண்ட கூட்டத்தைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அப்படிக் கூட்டமாகப் பெருகியது மடிந்து அழுகும்போது நீரின் ஆக்சிஜனையும் கொண்டுபோய்விடும்.

இறால் குளத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. நாகை, வேதாரண்யம் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிந்தவர்கள். பிற்பகலில் பாசி ஆக்சிஜனை உற்பத்தி செய்து தள்ளும். இரவில் அதே பாசி, இறால், அடிமண் எல்லாம் சேர்ந்து அதைத் தின்னும். விடிவதற்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை இரவெல்லாம் ஓட்டுவதும், நாலு மணிக்கு டார்ச்சோடு கரையைச் சுற்றி, இறால் ஓரத்தில் ஒதுங்குகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான். பி.எச். அளவும் இப்படியே, விடியலில் குறைந்து பிற்பகலில் ஏறும். இரண்டுக்கும் இடைவெளி 0.5க்கு மேல் போனால் பாசி அளவுக்கு மீறியிருக்கலாம் என்று கவனிக்க வேண்டும். அடுத்தடுத்து மேகமூட்டமான நாள்கள் வந்தால் கூடுதல் கவனம். பகலில் வரவு இல்லை, இரவில் செலவு மட்டும் குறையாது.

இந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தால் அறிவியலுக்கு என்ன பயன்?

கடல் ஒரு நாளில் எவ்வளவு கரிமம் கட்டுகிறது என்பதை நீரைக் குப்பியில் அடைக்காமலே கணிக்கலாம். 1952இல் ஸ்டீமன் நீல்சன் கொண்டுவந்த கதிரியக்கக் கரிம முறைதான் இன்றும் அடிப்படை. நீரைக் குப்பியில் எடுத்து, கரிமம்-14 சேர்த்து, சில மணி நேரம் ஒளியில் வைக்க வேண்டும். குப்பிக்குள் அடைபட்ட உயிர் கடலில் இருப்பது போலவே நடந்துகொள்ளுமா என்ற கேள்வி அன்றிலிருந்து தொடர்கிறது. ஒளித்தேய்வின் பகல் ஏற்றம் வளர்ச்சியையும், இரவு இறக்கம் இழப்பையும் காட்டும். ஹவாய்க்கு வடக்கே 1988 முதல் அளவெடுக்கப்படும் அலோகா நிலையத்தில் இந்த வழி நன்கு பயன்பட்டிருக்கிறது. குறை ஒன்று உண்டு: செல்லின் ஒளிவிலகல் எண் மாறுவதையும் கரிமம் கூடுவதையும் கருவி ஒன்றாகவே பார்க்கும். ஆக்சிஜனின் தினசரி ஏற்ற இறக்கத்தையும் கூடவே அளந்து சரிபார்ப்பது நல்லது.

வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்க ஏதாவது வழி?

செக்கித் தட்டு செய்யலாம். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்ததிலிருந்து வந்த முறை. 20 சென்டிமீட்டர் அகல வட்டத் தகடு ஒன்று. அதை நாலு பாகமாக்கி, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடியுங்கள். நடுவில் துளையிட்டு, அடியில் ஒரு கனமான நட்டு. கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. நைலான் கயிறு நனைந்தால் நீளம் மாறும், அதனால் நனைத்த பிறகு முடிச்சுப் போடுங்கள். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழம் ஒன்று, மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழம் ஒன்று. இரண்டின் சராசரிதான் உங்கள் அளவு. வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும், உங்கள் நிழலில் தட்டு இறங்கட்டும். காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையே, தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் மணியையும் மேகம் இருந்ததா என்பதையும் எழுதி வையுங்கள்.